குணாளனுக்குத் தெரிந்தது

1

சென்ற மாதம் எங்கள் தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில் எனக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். ஒரே நிறுவனத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்ததற்காக. ஜொகூர் பாருவில் ஒரு விடுதிக் கூடம், வட்ட மேசைகள், மேசைக்குப் பத்துப் பேர், எட்டு வகைச் சாப்பாடு. பொது மேலாளர் என் கையைக் குலுக்கி, "குறையே சொல்ல முடியாத மனிதர்" என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தான். "பிரவுட் ஆஃப் யூ, பா" என்று சொல்லிவிட்டு, நானும் கேடயமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தான். கேடயத்தில் சேதுராமன் என்று என் பெயர். அதற்குப் பக்கத்தில் பி.இ. என்று பொறித்திருந்தது.

நான் பி.இ. தேறவில்லை. மூன்று பாடங்கள் பாக்கி. அவற்றை இன்றுவரை எழுதவும் இல்லை. இது என் மனைவிக்குக்கூடத் தெரியாது. இந்த நாட்டில் தெரிந்தவன் ஒரே ஒருவன். அவன் பெயர் குணாளன். அவனுடைய வேலையைப் பறித்தவன் நான்.

வெளிநாட்டில் இருப்பவன் எழுதினால் அந்த ஊர் அழகையும் தான் பட்ட கஷ்டத்தையும் எழுதுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். என்னிடம் இரண்டும் பெரிதாக இல்லை. செனாயில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வரிசையாகத் தொழிற்சாலைகள் நிற்கிற இடத்தில், கார்களுக்கான சின்னச் சின்னப் பிளாஸ்டிக் உறுப்புகள் செய்கிறோம். அவற்றில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. விரிசல், பிசிறு, அளவில் மயிரிழை வித்தியாசம். இருபத்தைந்து வருடமாக இதையே பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் அதே கண்ணால் பார்க்கப் பழகிவிட்டேன். என் கஷ்டம் என்றால் அதுதான்.

2

நான் வந்த புதிதில் என்னை யாருக்கும் பிடிக்காது. அது நியாயம்தான் என்று இப்போது தோன்றுகிறது. விருதுநகரிலிருந்து வந்திருந்தேன், வயது இருபத்தாறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்கள் காலையில் பார்த்தால் "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள். நான் சிரிப்பேன். அவர்கள் காரைக் 'காடி' என்றால் திருத்துவேன். அவர்களுடைய பாட்டன்மார்கள் ரப்பர்த் தோட்டத்தில் பட்ட பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. நான் இஞ்ஜினியர், அவர்கள் ஆபரேட்டர்கள். கேண்டீனில் என் மேசைக்கு யாரும் வரமாட்டார்கள். நானும் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் வருட முடிவில் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சான்றிதழ் நகல்களை சத்தியப்பிரமாண அதிகாரியிடம் கொடுத்து முத்திரை வாங்கி வரச் சொன்னார்கள். என்னிடம் இருந்தது கல்லூரி கொடுத்த ஒரு தாள். நான்கு ஆண்டுகள் பி.இ. வகுப்பில் படித்து முடித்தவர் என்று அதில் இருக்கும். பாக்கி வைத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற தாள் அது. நம் ஊரில் அதைப் பார்த்ததும் எவனும் கண்டுபிடித்துவிடுவான். இங்கே யாருக்கும் தெரியாது. பெரிய முத்திரை, கல்லூரிச் சின்னம், முதல்வர் கையெழுத்து எல்லாம் இருந்ததால் என்னை அனுப்பிய ஏஜெண்ட் அதையே பட்டம் என்று கொடுத்து ஆளைத் தள்ளிவிட்டிருந்தார். தெரிந்தேதான் நானும் ஏறி வந்தேன்.

ஜொகூர் பாருவில் எனக்கு வழி தெரியாது. மூன்றாவது லைனின் லீடர் குணாளன் தன் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போகிறேன் என்றான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், கூலாய் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். எட்டு மணிக்கு வருகிறேன் என்றவன் ஒன்பதுக்கு வந்தான். வழியெல்லாம் பேச்சு. இமிகிரேசனில் தனக்கு ஆள் இருக்கிறான், போலீசில் ஆள் இருக்கிறான், மந்திரி வீட்டுச் சமையல்காரன் தன் மச்சான் என்று ஒரே அளப்பு. பாதி வழியில் மழை பிடித்தது. பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கினோம். என் ஃபைல் நனைந்துவிட்டது. நான் பதறுவதற்குள் அவன் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, தன் சட்டையாலேயே ஒற்றித் துடைத்துக் காயவைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே படித்தான்.

"என்னா சேது, இதுல படிச்சு முடிச்சாருன்னுதான போட்டிருக்கு. பாஸ் பண்ணாருன்னு போடலியே?"

அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"எத்தன பேப்பரு பெய்லு?"

"மூணு."

"அலமாக்! மூணுதானா? நா பள்ளிக்கூடத்து எஸ்.பி.எம்-லயே ஆறு பெய்லு லா!"

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. பிறகு நானும் சிரித்துவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சத்தியப்பிரமாண அதிகாரி தாளை ஏறிட்டும் பார்க்காமல் முத்திரை குத்தினார். திரும்பும்போது ஒரு கடையில் நிறுத்தி, கையால் பிட்டுச் சாப்பிடு, இங்கே யாரும் உனக்குப் பரீட்சை வைக்கவில்லை என்று எனக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தான்.

3

அதற்குப் பிறகு கேண்டீனில் என் மேசைக்கு ஆள் வர ஆரம்பித்தது. முதலில் அவன், அவன் பின்னாலேயே மற்றவர்கள். அவன்தான் எல்லோரிடமும் "எங்க இஞ்ஜினியர்" என்று என்னை அறிமுகம் செய்வான். சொல்லிவிட்டு என் பக்கம் ஒரு கண்ணைச் சிமிட்டுவான். அந்தச் சிமிட்டல் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்லித் தெரியவைக்க முடியாது. ஒரு ஆளிடமாவது நான் நடிக்க வேண்டியதில்லை.

அவனிடம் இல்லாத குறை கிடையாது. எங்கும் நேரத்துக்கு வந்ததில்லை. என் துளையிடும் கருவியை வாங்கிக்கொண்டு போனான், நான்கு வருடம் கழித்து அவன் வீட்டில் பார்த்தேன், "உன்னுதா? நா என்னுதுன்னுல்ல நெனச்சேன்" என்றான். அளந்தால் வானத்துக்கும் பூமிக்கும் அளப்பான். நான் அவனைத் திட்டுவேன், அவன் என்னை 'சோம்போங்' என்று திட்டுவான். தலைக்கனம் பிடித்தவனுக்கு இங்கே அதுதான் பெயர். என் மனைவி கல்யாணமாகி வந்தபோது அவன் மனைவி லெட்சுமிதான் சந்தைக்குக் கூட்டிப்போனாள். என் மகன் மோட்டார் ஓட்டக் கற்றது குணாளனிடம். தப்பும் தவறுமாகத்தான் கற்றான்.

வேலையிலும் அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒவ்வொரு மணிக்கும் ஐந்து உருப்படிகளை எடுத்து அளந்து, பரிசோதனைத் தாளில் 'சரி' என்று குறிக்க வேண்டும். குணாளன் ஷிப்ட் ஏறிய முதல் மணி நேரத்திலேயே எட்டு மணி நேரத்துக்கும் 'சரி' போட்டுவிடுவான். "மிசினு சத்தத்துலயே தெரியும் லா, என்னாத்துக்கு மணிக்கு ஒரு தடவ?" என்பான். பெரும்பாலும் அவன் காது பொய் சொல்லாது. கீழே 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடவேண்டியவன் நான். அந்த நாட்களில் தாளைப் பார்க்காமலேயே போட்டேன். மிச்ச நேரத்தில் லைனுக்குப் பின்னால் பெட்டி மேல் உட்கார்ந்து இரண்டு பேரும் தேநீர் குடித்தோம். அவன் என் தாளைக் கண்டும் காணாமல் விட்டான், நான் அவன் தாளைக் கண்டும் காணாமல் விட்டேன். எங்கள் சிநேகிதம் எதன் மேல் நின்றது என்று கேட்டால் இதன் மேல்தான் நின்றது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. பின்னால் நான் செய்ததைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

4

ஒவ்வொரு பெர்மிட் புதுப்பிப்பின்போதும் பயம்தான். வரிசைச் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அழைப்பு வந்ததும் கற்றுவைத்த மலாய் எல்லாம் மறந்துவிடும். ஒருமுறை அதிகாரி என் வயதைக் கேட்டார், நான் வீட்டு எண்ணைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற குணாளன்தான் சமாளித்தான். நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்தபோது என்னை அறிந்த குடிமகன் ஒருவர் என் நன்னடத்தைக்குக் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். அவன்தான் இட்டான். "நல்ல நடத்தையா? ஒனக்கா?" என்று சிரித்துக்கொண்டே இட்டான். பல வருடம் இழுத்தடித்து, கடைசியில் நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டை கிடைத்தது.

அட்டை கிடைத்த பிறகுதான் நான் கெட்டுப்போனேன். பயம் விட்டுப்போனது. தரக்கட்டுப்பாட்டு மேலாளர் ஆனேன். கண்ணாடித் தடுப்பு வைத்த அறை, கதவில் பெயர், பெயருக்குப் பக்கத்தில் அந்த இரண்டு எழுத்து. வீட்டில் மகன் ஆங்கிலத்திலேயே பேச ஆரம்பித்திருந்தான். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் வராது. ஆனால் தன் சிநேகிதர்களிடம் "மை டேட்'ஸ் அன் இஞ்ஜினியர்" என்று பெருமையாகச் சொல்வான். என்னிடம் அவனுக்குப் பிடித்தது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்தது. அதை விட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன். சட்டை மடிப்பு கலையாமல், நேரம் தவறாமல், விதி மீறாமல் நடந்தேன். யாரும் விரல் நீட்ட முடியாத ஆளாக ஆனேன்.

குணாளன் மட்டும் மாறவில்லை. என் அறைக் கதவைத் தட்டாமல் வருவான். "என்னா இஞ்ஜினியரே!" என்று கண்ணைச் சிமிட்டுவான். ஒருகாலத்தில் ஆறுதலாக இருந்த அதே சிமிட்டல் இப்போது எரிச்சலாக இருந்தது. ஒருநாள் இளம் அதிகாரிகள் முன்னாலேயே அப்படிச் செய்தான். அவர்கள் போனதும், "குணா, இனிமே அறைக்கு வெளியில நின்னு கூப்பிடு" என்றேன். அவன் சிரித்துக்கொண்டேதான் போனான். ஆனால் அதற்குப் பிறகு தேநீருக்குக் கூப்பிடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர் ஒரு லாட் சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பினார். கிளிப்புகளில் விரிசல். எந்த ஷிப்ட் என்று தேடியதில் மூன்றாவது லைன், பகல், குணாளன். தாளை எடுத்துப் பார்த்தேன். எல்லா மணிக்கும் 'சரி'. மதியம் மூன்று மணிக்கும் 'சரி'. அன்று இரண்டிலிருந்து நான்கு வரை அந்த மெஷினில் அச்சு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஓடாத மெஷினில் அவன் ஐந்து உருப்படி அளந்து சரி போட்டிருந்தான். அவன் காது அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டது.

'கவனக்குறைவு, பயிற்சி தேவை' என்று எழுதியிருக்கலாம். எத்தனையோ பேருக்கு அப்படித்தான் எழுதினேன். புதிதாக வந்திருந்த பொது மேலாளர் கறாரானவர், நானும் கறாராக இருந்தால் அவருக்குப் பிடிக்கும் என்பது ஒரு காரணம். அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பேனாவைக் கையில் எடுத்தபோது எனக்குள் இன்னொன்றும் ஓடியது. இவன் போய்விட்டால் என்னைத் தெரிந்தவன் இந்தக் கட்டடத்தில் ஒருவனும் இல்லை. அந்த நினைப்பு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. 'வேண்டுமென்றே பொய்ப் பதிவு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

5

உள்விசாரணை காலை பத்து மணிக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மலாய்க்கார அம்மாள், பொது மேலாளர், இன்னொருவர். சாட்சியாக நான். குணாளன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். அன்று நேரத்துக்கு வந்திருந்தான்.

ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. 'பொய்த் தாள் எழுதினேன் என்று என்னைச் சொல்கிற இவருடைய தாளை எடுத்துப் பாருங்கள்' என்றால் போதும். ஃபைல் அடுத்த அறையில்தான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் என் வேலை, சிவப்பு அட்டை, வீடு, மகனின் பெருமை எல்லாம் போய்விடும். அவன் சொல்வான் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"நீங்கள் சொல்ல ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்கள்.

குணாளன் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் இல்லை. பிறகு அந்த அம்மாளிடம் மலாயில் சொன்னான்: "சார் எழுதியது சரிதான். நான்தான் முன்கூட்டியே எழுதினேன்."

அவன் என்னைச் சார் என்றது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டு மணிக்குள் அவன் அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று அவன் மோட்டாரை எடுப்பதைப் பார்த்தேன். கீழே இறங்கிப் போயிருக்கலாம், போகவில்லை.

6

விருந்து முடிந்த அடுத்த ஞாயிறு மூவார் ஊருக்குப் புறப்பட்டேன். லெட்சுமியின் அண்ணன் அங்கே நாற்காலி, கட்டில் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார், குணாளன் அங்கே வேலை செய்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். வழியில் பத்து பாகாட் என்ற ஊரில் நிறுத்திக் காப்பி குடித்தேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். திரும்பிவிடலாமா என்றும் யோசித்தேன்.

பட்டறை வாசலில் உட்கார்ந்து நாற்காலிக் கால்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் மரத்தூள். ஆள் இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"வாங்க சார். உக்காருங்க. என்னா குடிக்கிறீங்க?"

"சார்னு கூப்பிடாத குணா."

"பழகிருச்சு சார்."

அவன் மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தான். நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அன்னிக்கு ஏன் சொல்லல?" என்றேன்.

"எத சார்?"

"என் சர்டிபிகேட்டப் பத்தி."

"அத என்னாத்துக்குச் சொல்லணும்? நா தப்பு பண்ணேன். ஓடாத மிசினுக்குச் சரி போட்டேன். கேட்டாங்க, ஒத்துக்கிட்டேன். உங்க சர்டிபிகேட்டு அதுல எங்க வந்துச்சு?"

பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பெண் இரண்டு கோப்பை தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் என் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தான், விருந்தாளிக்கு வைப்பது போல.

"நீங்க வந்த புதுசுல பெரிய சோம்போங்கு சார். யாருக்கும் உங்களப் புடிக்காது. எனக்குந்தான். கம்பெனி சொன்னுச்சேன்னு மோட்டாருல ஏத்திட்டுப் போனேன். அந்தக் கடுதாசி நனைஞ்சப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன் பாருங்க, அப்பத்தான் தோணுச்சு, சரி, இவனும் நம்மள மாதிரி ஆளுதான்னு. அது மட்டும் இல்லன்னா உங்ககிட்ட நா பேசியே இருக்கமாட்டேன்."

"இப்ப?"

"இப்ப உங்ககிட்ட கொறை சொல்ல ஒண்ணும் இல்ல லா. எல்லாம் ரூல்படி. ரூல்படி இருக்கற ஆளுகிட்ட நா என்னா பேசறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான்.

"நான் கம்பெனில சொல்லிடறேன் குணா. பி.இ. இல்லன்னு நானே எழுதிக் கொடுத்திடறேன்."

அவன் கை நின்றது.

"சொன்னா? எனக்கு வேல திரும்பக் கெடைக்குமா?"

"அதுக்கில்ல. என் மனசுக்கு..."

"உங்க மனசுக்குன்னா அத உங்க வூட்டுலயே வச்சிக்குங்க சார். இங்க கொண்டாராதீங்க."

நாற்காலிக் காலைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்க்கத் தொடங்கினான். தேநீர் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது எழுந்து நின்று, "பாத்துப் போங்க சார், ரோட்டுல லோரி நெறைய வரும்" என்றான். இருபது வருடம் என்னை வாய்க்கு வந்தபடி பேசியவன் அன்று ஒரு தப்பான வார்த்தை பேசவில்லை. அவன் மரியாதையைத் தூக்கிக்கொண்டு நான் செனாய்வரை வண்டி ஓட்டினேன்.

7

திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனேன். எழுதிக் கொடுக்கவில்லை. அந்த வாரமும் கொடுக்கவில்லை. இனிமேலும் கொடுப்பேன் என்று தோன்றவில்லை. கேடயம் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. என் மனைவி தினமும் துடைத்து வைக்கிறாள்.

ஆனால் எங்காவது சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்த இதழில் தமிழில் எழுதுகிறேன். இதில் என்ன பெரிய துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பொது மேலாளருக்குத் தமிழ் தெரியாது. மனிதவளப் பிரிவு அம்மாளுக்கும் தெரியாது. லைனில் இப்போது நேப்பாளிகளும் வங்காளதேசத்துக்காரர்களும்தான். என் மனைவி நான் எழுதுவதைப் படிப்பதை எப்போதோ விட்டுவிட்டாள். என் மகனுக்குத் தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாது.

குணாளன் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். இந்த இதழ் மூவார்வரைக்கும் போய், அவன் கையில் கிடைத்தால், எழுத்துக்கூட்டியாவது கடைசி வரிவரை படித்துவிடுவான். படிக்கட்டும். அவன் யாரிடமும் சொல்லமாட்டான்.